மந்த காலமும் அரசாங்கத்தின் செலவும்

நெல்லுக்கு விலையின்றியும், நெய்த துணிக்குக் கேள்வியின்றியும் நாடு தவிக்கும் காலங்களில் அரசாங்கம் செய்யத்தக்கது யாது என்பது பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. வருவாய் சுருங்கிவிட்டமையால் செலவையும் சுருக்கிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும் என்பர் ஒரு சாரார். கடன் வாங்கியேனும் செலவை மிகுத்து, வேலையின்றி நிற்பவர்க்கு வேலையளிக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். முன்னதைச் சிக்கனக் கொள்கை என்றும், பின்னதைப் பற்றாக்குறைச் செலவுக் கொள்கை என்றும் வழங்கலாம்.

இது டில்லியில் உள்ளவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு, நமக்கு இதில் என்ன என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். ஆனால் தீர்ப்பின் பயன் வந்து சேரும் இடம் தறிக்குழியும் வயல் மடையுமே ஆகும். கால்வாய் இவ்வாண்டு தூர் வாரப்படுமா, சங்கத்துக்கு வரவேண்டிய தள்ளுபடித் தொகை இவ்வாண்டு வருமா, நூல் வாங்கக் கடன் கிடைக்குமா என்பன யாவும் இவ்வழக்கின் கிளைகளே. ஆகவே இதன் இருபுறத்தையும் நம் பகுதியின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

குடும்பக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

வரவறிந்து செலவு செய்க என்பது நம் முன்னோர் மொழிந்த அறிவுரை. ஒரு குடும்பத்துக்கு இதனினும் சிறந்த நெறி இல்லை. ஆயினும் எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் செலவைக் குறைத்தால் விளைவு யாது என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம்.

ஓர் ஊரில் நெசவாளர் ஒருவர், விவசாயி ஒருவர், கடைக்காரர் ஒருவர் ஆகிய மூவர் மட்டுமே உள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் மாதந்தோறும் 100 ரூபாய்க்கு விவசாயியிடம் நெல் வாங்குகிறார். விவசாயி அந்த 100 ரூபாய்க்குக் கடைக்காரரிடம் சாமான் வாங்குகிறார். கடைக்காரர் அதே 100 ரூபாய்க்கு நெசவாளரிடம் துணி வாங்குகிறார். மூவர்க்கும் வரவு 100, செலவு 100.

காலம் கெடும் என்று அஞ்சி, மூவரும் மாதம் 20 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிவு செய்கின்றனர். ஒவ்வொருவரும் 80 ரூபாயே செலவிடுகின்றனர். ஒருவர் செலவே மற்றவர் வரவாதலால், மூவர்க்கும் வரவு 80 ஆகிவிடுகிறது. வரவும் 80, செலவும் 80. மிச்சம் ஏதும் இல்லை. ஆனால் நெசவாளரிடம் 20 ரூபாய்த் துணியும், விவசாயியிடம் 20 ரூபாய் நெல்லும், கடையில் 20 ரூபாய்ச் சரக்கும் விலையாகாமல் கிடக்கின்றன. அடுத்த மாதம் மீண்டும் 20 ரூபாய் மிச்சம் பிடிக்க முயன்றால் வரவு 60 ஆகும். தனித்தனியே பார்த்தால் மூவர் செய்ததும் விவேகமே. மூன்று விவேகமும் கூடி ஊரை வறுமையில் ஆழ்த்தின.

இந்நிலையில் ஊர்ப் பஞ்சாயத்து 60 ரூபாய் கடன் பெற்று, வாய்க்காலைத் தூர் வாரும் வேலையை மூவர்க்கும் பகிர்ந்தளித்து, ஆளுக்கு 20 ரூபாய் கூலி தருகிறது எனக் கொள்வோம். இப்போது ஒவ்வொருவர்க்கும் வரவு 80-உம் 20-உம் சேர்ந்து 100 ஆகிறது. செலவு 80. மூவரும் விரும்பிய 20 ரூபாய்ச் சேமிப்பு இப்போதுதான் கைகூடுகிறது. பஞ்சாயத்தின் கடன் 60. மூவரின் சேமிப்பும் 60. பஞ்சாயத்தின் ஏட்டில் கடனாக நிற்பது குடிகளின் ஏட்டில் சேமிப்பாக நிற்கிறது. அதற்கு மேல் தூர் வாரிய வாய்க்கால் ஒன்றும் ஊருக்கு மிஞ்சுகிறது.

பற்றாக்குறைச் செலவின் தத்துவம் முழுவதும் இச்சிறு கணக்கினுள் அடங்கும். 1936-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக நிறுவியவர் ஜான் மேனார்டு கெய்ன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர். இவர் இளமையில் இலண்டன் இந்தியா அலுவலகத்தில் பணியாற்றியவர். இந்திய நாணய முறை பற்றி 1913-இல் நூல் எழுதியவர்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் மறத்தல் ஆகாது. தறிகள் யாவும் ஓய்வின்றி ஓடி, களஞ்சியத்தில் நெல் அருகி இருக்கும் நல்ல காலத்தில் பஞ்சாயத்து அதே 60 ரூபாயை இறக்கினால், கூடுதல் துணியும் வாராது, கூடுதல் நெல்லும் வாராது. உள்ள துணிக்கும் நெல்லுக்கும் விலைதான் ஏறும். கை ஓய்ந்திருக்கும் காலத்தில் மருந்தாவது, கை ஓயாத காலத்தில் நஞ்சாகும்.

இரு கொடிகளின் கீழ் ஒரே மந்தம்

1929-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஏற்பட்ட சரிவையடுத்து உலகெங்கும் பெருமந்தம் பரவியது. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் இருந்த தஞ்சை மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆட்சி வேறாயினும் வயலும் சந்தையும் ஒன்றே. இங்குப் புழங்கிய ரூபாயும் இந்திய ரூபாய்க்குச் சமமான மதிப்புடையதே.

1929-க்கும் 1933-க்கும் இடையே சென்னை மாகாணத்தில் நெல்லின் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. விளைச்சல் வீழவில்லை; விலைதான் வீழ்ந்தது. பிரிட்டிஷ் பகுதியில் நிலவரியோ ரூபாய்க் கணக்கில் விதிக்கப்பட்டிருந்தது. முன்பு நான்கு கலம் நெல்லை விற்றுக் கிஸ்தி கட்டியவர், அதே கிஸ்திக்கு எட்டுக் கலம் விற்க வேண்டியதாயிற்று. கடனும் வட்டியும் அவ்வாறே இருமடங்காகக் கனத்தன. நெல் விற்றவர் கையில் பணம் இல்லாதபோது துணி வாங்குவோர் யார்? விவசாயியின் துன்பம் ஓராண்டுக்குள் நெசவாளரின் வாசலுக்கு வந்துவிட்டது.

இவ்வேளையில் இந்திய அரசாங்கம் மேற்கொண்டது சிக்கனக் கொள்கை. 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில் நிதி உறுப்பினர் சர் ஜார்ஜ் ஷஸ்டர் அவசர வரவு செலவுத் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். பெரும்பாலான வரிகளின் மீது 25 சதவிகிதம் மேல்வரி விதிக்கப்பட்டது. அரசாங்க ஊழியர்களின் சம்பளத்தில் 10 சதவிகிதம் வெட்டப்பட்டது. மணங்கு ஒன்றுக்கு ரூ. 1-4-0 ஆக இருந்த உப்பு வரி ரூ. 1-9-0 ஆயிற்று. தண்டி, வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகங்கள் நிகழ்ந்து ஓராண்டு கழிந்ததும் உப்பின் மீதே வரி ஏறியதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இவ்வாறு செய்தமைக்கு அரசாங்கம் கூறிய காரணம் தெளிவானது. ஆண்டுதோறும் இலண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகைகள் இருந்தன. ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற விகிதத்தில் நிற்க வேண்டும் என்பது முடிவு. கணக்கில் துண்டு விழுந்தால் இலண்டன் சந்தையில் நம்பிக்கை குலையும் என்ற அச்சமும் இருந்தது. கடன் கொடுத்தவரின் நம்பிக்கை காக்கப்பட்டது. அதற்கான விலையைக் கொடுத்தவர் குடியானவர். அவ்வாண்டுகளில் குடும்ப நகைகள் விலைக்குப் போய், இந்தியாவிலிருந்து தங்கம் பெருமளவில் வெளிநாடு சென்றது.

காரைக்காலை ஆண்ட பிரான்சு தேசமோ சிக்கனத்தை இன்னும் நீடித்துப் பற்றி நின்றது. பிரிட்டன் 1931 செப்டம்பரில் தங்க நாணய முறையைக் கைவிட்டது. பிரான்சு 1936 செப்டம்பர் வரையிலும் கைவிடவில்லை. 1935 சூலையில் பிரதமர் லவால் அரசாங்கச் செலவுகளை, சம்பளங்கள் உட்பட, 10 சதவிகிதம் குறைத்து ஆணைகள் பிறப்பித்தார். செலவு குறைந்தபோது தொழிலும் வரி வருவாயும் உடன் சுருங்கியிருந்தமையால் துண்டு மறையவில்லை. பிற நாடுகள் மீளத் தொடங்கிய பின்னரும் பிரான்சு மந்தத்திலேயே கிடந்தது. அமெரிக்காவும் இதற்கு ஒரு சான்று தந்தது. 1933 முதல் மீண்டுவந்த அந்நாடு, 1937-இல் கணக்கைச் சரிக்கட்ட விரைந்து செலவைக் குறைத்தது. 1938-க்குள் உற்பத்தி மீண்டும் கடுமையாக வீழ்ந்தது.

நோய் தீர்வதற்கு முன் பத்தியம் பிடித்து உடலை இளைக்கச் செய்தலால் பயன் இல்லை என்பதே அக்காலம் கற்பித்த பாடம்.

மேட்டூர் காட்டும் சான்று

அவ்வாண்டுகளில் எங்கும் வெட்டும் குறைப்புமாக இருந்தபோது, நம் காவிரியின் குறுக்கே ஒரு பெரும்பணி நின்றுவிடாமல் நடந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதனைத் திறந்துவைத்தார். அணைக்கு ஆன செலவு சுமார் 4.80 கோடி ரூபாய். அது நிறைந்தால் சுமார் 93 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் நிற்கும்.

மந்தத்தைப் போக்கும் நோக்கத்துடன் மேட்டூர் தொடங்கப்பட்டதன்று. மந்தம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே தொடங்கப்பட்டது. ஆயினும் சிக்கனத்தின் பெயரால் நடுவில் நிறுத்தப்படாமல், ஆண்டு வரவிலிருந்து அன்றி மூலதனக் கணக்கிலிருந்து அது முடிக்கப்பட்டது. அப்பணி நிறுத்தப்பட்டிருக்குமாயின் அன்றைய கணக்கில் சில இலட்சம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் புதிதாகப் பாசனம் பெற்ற சுமார் மூன்று இலட்சம் ஏக்கரும், பழைய டெல்டாவுக்குக் கிடைத்த நீரொழுங்கும் நமக்குக் கிட்டியிரா. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு முதலிய ஆறுகளின் கடைமடையில் உள்ள நாம் குறுவைக்கு ஆண்டுதோறும் சூன் 12-ஆம் நாளை எதிர்நோக்குவது இவ்வணையைக் கருதியே ஆகும்.

கடன் என்றதும் அஞ்சுதல் வேண்டா. கடன் எதற்காக என்று கேட்டல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். திருமண விருந்துக்கு வாங்கிய கடனும், தறி வாங்க வாங்கிய கடனும் வட்டியில் ஒன்றாயினும் விளைவில் வேறு. நம் சங்கங்களில் நடைமுறை மூலதனக் கடனையும் நட்டத்தை ஈடுகட்டும் கடனையும் வேறு வேறாகக் காண்பதும் இதனாலேயே.

கைத்தறிக்கு வந்த இரண்டு சோதனைகள்

கைத்தறிக் கூட்டுறவின் பிறப்பும் ஒரு மந்த காலத்திலேயே நிகழ்ந்தது. நூல் மீதான இறக்குமதி வரியால் நெசவாளர்க்கு நேர்ந்த சுமையைக் கருதி, 1934-இல் இந்திய அரசாங்கம் கைத்தறி வளர்ச்சிக்காக மாகாணங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் ஐந்து இலட்சம் ரூபாய் மானியம் அளிக்க இசைந்தது. நாடு முழுவதற்கும் இது சிறு தொகையே. எனினும் 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய சூழல் இதுவே. பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்றது அச்சங்கந்தான். மந்தத்தில் இட்ட சிறு விதை நிலைத்த மரமாயிற்று.

இரண்டாம் சோதனை 1952-இல் வந்தது. கொரியப் போரால் 1950, 1951 ஆண்டுகளில் ஏறிய விலைகள் 1952-இல் சடுதியில் சரிந்தன. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கைத்தறித் துணி தேங்கியது. சென்னை இராச்சியத்தில் ஆயிரக்கணக்கான தறிகள் ஓய்ந்தன. நெசவாளர் குடும்பங்களுக்காகக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. துணி நெய்து ஊருக்கு உடுத்தியவர்கள் கையில் கலயம் ஏந்தி வரிசையில் நின்ற அக்காட்சி நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது. முதலமைச்சர் இராஜாஜி வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கத்தை வற்புறுத்தினார். எதிர்க்கட்சியினரான அண்ணாதுரையும் அவர் கழகத்தினரும் 1953-இல் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். கட்சிகள் பல விஷயங்களில் மாறுபட்டிருந்த காலத்தில் இவ்வொன்றில் இருசாராரும் ஒன்றுபட்டனர்.

மத்திய அரசாங்கம் மூன்று காரியங்கள் செய்தது. 1952 அக்டோபரில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஆலைகளின் வேட்டி உற்பத்தி, முந்தைய அளவில் 60 சதவிகிதத்துக்கு மிகாதபடி கட்டுப்படுத்தப்பட்டது. 1953-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஆலைத் துணிக்குக் கெஜம் ஒன்றுக்கு மூன்று பை, அதாவது பழைய கணக்கில் கால் அணா, கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகை கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. நெசவாளர் சங்கத்தில் சேரப் பங்குத் தொகையின் பெரும்பகுதி கடனாகவும், சங்கங்களுக்கு நடைமுறை மூலதனமும், வாங்குவோர்க்குத் தள்ளுபடியும் இந்நிதியிலிருந்து வழங்கப்பட்டன. அதன் பின் கூட்டுறவில் சேர்ந்த தறிகள் இலட்சக்கணக்கில் பெருகின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இது கடன் வாங்கிச் செய்த செலவு அன்று. நலிந்த தொழிலின் பொருட்டு, வலிய தொழிலின் மீது தீர்வை விதித்துச் செய்த செலவு. சிக்கனம், பற்றாக்குறை என்ற இரண்டுக்கும் இடையே இவ்வாறு ஒரு மூன்றாம் வழியும் உண்டு என்பதை மாணவர் மனத்தில் இருத்த வேண்டும். ஆலைத் துணி வாங்கிய கோடிக்கணக்கான மக்கள் கெஜத்துக்குக் கால் அணா தந்தனர். கஞ்சித் தொட்டியில் நின்றவர் தறிக்குத் திரும்பினர். பின்னாளில் மாற்றியமைக்கப்பட்ட கைத்தறி வாரியம் 2020 சூலையில் கலைக்கப்பட்டது.

அண்மைக் காலம்: 2008-உம் 2020-உம்

2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, மத்திய அரசாங்கம் தன் நிதிப் பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 சதவிகித அளவுக்குக் குறைக்க உறுதி பூண்டது. 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்து உலக மந்தம் தொடங்கியபோது இவ்வுறுதி தள்ளிவைக்கப்பட்டது. 2008-09-இல் 2.5 சதவிகிதமாகத் திட்டமிடப்பட்ட பற்றாக்குறை 6 சதவிகிதத்தை எட்டியது. மறு ஆண்டு அதனினும் சற்று ஏறியது. தீர்வைகள் குறைக்கப்பட்டன, விவசாயக் கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன, ஊரக வேலை உறுதித் திட்டம் நாடெங்கும் விரிந்தது. பிற நாடுகளைக் காட்டிலும் இந்தியா விரைவில் மீண்டது.

ஆனால் மீண்ட பின்னர்ச் செய்ய வேண்டியதைச் செய்யத் தாமதமாயிற்று. 2011-12-இலும் பற்றாக்குறை 6 சதவிகிதத்தை ஒட்டியே இருந்தது. விலைவாசி சில ஆண்டுகள் இரட்டை இலக்கத்தில் ஏறியது. 2013 ஆகஸ்டில் டாலர் ஒன்றுக்கு 68 ரூபாய் என்னும் அளவுக்கு ரூபாயின் மதிப்பு சரிந்தது. இதற்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும் மடையை உரிய காலத்தில் திறந்தவர் உரிய காலத்தில் அடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

2020-இல் கொள்ளை நோயும் ஊரடங்கும் வந்தன. 2020-21-இல் மத்திய அரசாங்கத்தின் பற்றாக்குறை 9 சதவிகிதத்துக்கு மேல் சென்றது. அவ்வாண்டு ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய தொகை 61,500 கோடி ரூபாய். முடிவில் செலவானது 1,11,000 கோடிக்கு மேல். சுமார் 389 கோடி மனித நாட்கள் வேலை வழங்கப்பட்டது. நகரங்களிலிருந்து வெறுங்கையுடன் திரும்பியோர்க்கு மண்வெட்டியும் கூலியும் அத்திட்டம் தந்தது. அவ்வேளையில் வருவாய் குறைந்தது என்று அரசாங்கம் கையை மூடியிருக்குமாயின் கிராமங்களின் கதி யாதாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கடலுக்கு அப்பால் ஓர் எச்சரிக்கை

இதனால் பற்றாக்குறை எப்போதும் நன்மையே என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் கரைக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையின் அண்மைக்கால வரலாறு அதற்குச் சான்று.

2019 டிசம்பரில் இலங்கை அரசாங்கம் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 சதவிகிதமாகக் குறைத்தது. வேறு வரிகளையும் குறைத்தது. அடுத்த ஆண்டே கொள்ளை நோய் வந்து, சுற்றுலா வருவாய் நின்றது. விழுந்த துண்டைப் பெருமளவுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டு ஈடுசெய்தது. 2021-இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடையால் நெல் விளைச்சலும் குன்றியது. வெளிநாட்டுக் கடனோ டாலரில் இருந்தது; டாலரை இலங்கை அச்சிட இயலாது. 2022 ஏப்ரல் 12-ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அந்நாடு அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 70 சதவிகிதம் உயர்ந்து நின்றது.

பின்னர் வந்தது கடுஞ்சிக்கனம். 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. மதிப்புக் கூட்டு வரி 2024 சனவரியில் 18 சதவிகிதம் ஆயிற்று. நல்ல காலத்தில் வரியை இழந்தவர்கள், கெட்ட காலத்தில் இருமடங்கு வரி கொடுத்தனர். ஏழையின் சேமிப்பு விலைவாசியில் கரைந்தது; எஞ்சியது வரியில் கரைந்தது.

கடன் சொந்த நாணயத்தில் இருத்தல், உணவும் சரக்கும் கைவசம் இருத்தல், ஓய்ந்த கைகள் இருத்தல், செலவு விளைவு தருவதாக இருத்தல் ஆகிய நான்கும் கூடிய இடத்திலேயே பற்றாக்குறைச் செலவு நன்மை பயக்கும். இலங்கையில் முதல் இரண்டும் இல்லை. நம் நாட்டிலும் 2024-25-இல் மத்திய அரசாங்கத்தின் செலவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வட்டிக்கே சென்றது. கால்வாய்க்கும் பள்ளிக்கும் செல்லத்தக்க பணம் வட்டிக்குச் செல்கிறது என்று சிக்கனவாதிகள் கூறுவதில் நியாயம் உண்டு.

சிக்கனம் என்ற பெயரில் இடம் மாறும் கடன்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அடங்கிய நமக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். ஒன்றியப் பகுதி அரசாங்கம் நாணயம் அச்சிட இயலாது; மத்திய அரசாங்கம் வகுத்த அளவுக்கு மேல் கடன் பெறவும் இயலாது. ஆகவே மந்த காலத்தில் இளக்கிச் செலவிடும் பொறுப்பு பெரும்பாலும் மத்திய அரசாங்கத்தையே சாரும். அது இறுக்கினால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் இறுகும்.

அவ்விறுக்கம் சங்கத்துக்கு எவ்வாறு வந்து சேர்கிறது? கணக்குத் தணிக்கை செய்வோர் இதனை நன்கு அறிவர். திட்டம் இரத்து என்று எவரும் அறிவிப்பதில்லை. தள்ளுபடித் தொகை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகும். பின்னர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். சங்கமோ துணியைத் தள்ளுபடி விலையில் விற்றுவிட்டது. வரவேண்டியது வராதபோது நூலுக்கும் கூலிக்கும் வங்கியில் கடன் பெறுகிறது. அதற்கு வட்டி கட்டுகிறது. வட்டி ஏறியபின் கூலி உயர்வு நிற்கிறது. பிறகு பாவு கொடுப்பது குறைகிறது. அரசாங்கத்தின் ஏட்டில் சேமிப்பாகத் தோன்றிய ஓர் இலட்சம் ரூபாய் சங்கத்தின் ஏட்டில் கடனாகவும், நெசவாளர் வீட்டில் காலியான பானையாகவும் நிற்கிறது. துண்டு மறையவில்லை, தாங்கும் வலிமை மிகுந்த இடத்திலிருந்து வலிமை குறைந்த இடத்துக்குப் பெயர்ந்தது. வயலிலும் இதுவே நிலை. ஓராண்டு தூர் வாராமல் மிச்சப்படுத்திய பணம், மறு ஆண்டு கடைமடையில் நீர் ஏறாமல் கருகிய பயிராகத் திரும்பி வரும்.

ஆகவே சிக்கனம் என்று ஒன்று கூறப்படும்போது, யாருடைய ஏட்டில் அது சிக்கனம், யாருடைய ஏட்டில் அது கடன் என்று இரு ஏடுகளையும் ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூற வேண்டும்.

சங்கங்களுக்குரிய நெறி

அரசாங்கத்துக்குக் கூறும் அறிவுரையைச் சங்கங்களும் தம் அளவில் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதலாவது, நல்ல ஆண்டில் இறுக்கம் வேண்டும். பண்டிகை விற்பனை சிறந்த ஆண்டில் இலாபம் முழுவதையும் பங்கு ஈவாகக் கேட்பது அங்கத்தினரின் இயல்பு. சேமநிதி அப்போது வளராவிடில் எப்போதும் வளராது.

இரண்டாவது, மந்த ஆண்டில் தறியை முற்றும் நிறுத்தலாகாது. விற்பனையாகாத இரகத்தைக் குறைத்து, கேள்வியுள்ள இரகத்துக்கு மாற்றி, எல்லாத் தறிக்கும் சிறிதேனும் பாவு கொடுத்தல் நலம். ஒருமுறை தறியை விட்டுக் கூலி வேலைக்குச் சென்ற நெசவாளர் திரும்புதல் அரிது. கைத்திறன் ஒரு தலைமுறை விட்டால் மறு தலைமுறைக்கு இல்லை.

மூன்றாவது, கடனை எதற்கென்று பிரித்து எழுத வேண்டும். நூலுக்கும், சாயத்துக்கும், விதைக்கும் பெற்ற கடன் ஒருபுறம். பழைய நட்டத்தை மூடப் பெற்ற கடன் மறுபுறம். பின்னது வளருமாயின் பொதுக்குழுவில் வெளிப்படையாக வைத்தல் கடமை.

நான்காவது, வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலை ஆண்டு வரவு செலவுடன் சேர்த்துப் பொதுக்குழுவில் படிக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை மாதமாக, அதற்காக நாம் கட்டிய வட்டி எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். முறையீடு எண்களோடு செல்லும்போது அதற்குத் தனி வலிமை உண்டு.

முடிவுரை

சிக்கனம் நற்பண்பு, செலவும் நற்பண்பு. எது எக்காலத்துக்குரியது என்பதே கேள்வி. ஆற்றில் நீர் பெருகும்போது ஏரியை நிரப்பி, ஆறு வறண்டபோது மதகைத் திறப்பவன் நல்ல நீராணிக்காரன். ஆறு வறண்டபோது மதகையும் அடைப்பவன் பயிரைக் கொல்வான். ஆறு பெருகும்போதும் மதகைத் திறந்தே விடுபவன் கோடையில் வெறும் ஏரியைக் காண்பான். 1931-இன் அரசாங்கம் முதற்பிழையைச் செய்தது. 2019-இன் இலங்கை இரண்டாம் பிழையைச் செய்தது. இரண்டையும் கண்ட நாம், இனி வரும் வரவு செலவுத் திட்டங்களைக் கட்சிக் கண்ணால் நோக்காமல் நீராணிக்காரன் கண்ணால் நோக்கப் பழக வேண்டும்.

படிப்பு வட்டங்களுக்கான வினாக்கள்

1. மூவர் ஊர்க் கணக்கில், பஞ்சாயத்து வாய்க்கால் வேலைக்குப் பதிலாக விழா நடத்த 60 ரூபாய் செலவிட்டிருந்தால், முதல் மாதத்தில் வேறுபாடு உண்டா? ஐந்தாம் ஆண்டில் வேறுபாடு உண்டா?

2. 1953-ஆம் ஆண்டின் ஆலைத் துணித் தீர்வையைக் கொடுத்தவர் யார்? அதனால் பயன்பெற்றவர் யார்? இது நியாயம் எனக் கருதுவீராயின் காரணம் கூறுக.

3. நம் சங்கத்துக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு? அதன் பொருட்டுச் சென்ற ஆண்டு கட்டிய வட்டி எவ்வளவு? அவ்வட்டிக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம்?

4. நம் சங்கத்தின் சேமநிதி எத்தனை மாத மந்தத்தைத் தாங்கும்? கணக்கரிடம் கேட்டு விடையை எழுதி, அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டு வருக.